பின் சீட்டில் யார்?





இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் கோப்பில் போடாமல் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். எழுதியவர் தாம்பரத்துக்காரர், வயது 29, ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். வீட்டிலிருந்து வேலைக்கு ஒரு வழி 25 கிலோமீட்டர். ஏழு வருடமாகக் கம்பெனி பஸ்ஸில் போய்வந்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பணம் சேர்த்திருக்கிறார். முதல் கார் வாங்க வேண்டும். அப்பா, “புது டிசையர் எடுத்துடு, நிம்மதி” என்கிறார். மகனின் கண்ணோ பழைய கார் விற்கும் ஒரு ஷோரூமில் நிற்கும் ஆடி டிடி மேல். பழசு என்பதால் விலை இரண்டுக்கும் பக்கத்தில் பக்கத்தில்தான் வருகிறதாம்.

கடிதத்தின் கடைசி வரிகள் இப்படி: “ரெண்டு கதவு வண்டியில அம்மாவை எங்க உட்கார வைப்பேன்னு அப்பா கேக்கறார் சார். எனக்குப் பதில் தெரியல. ஆனா ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி அந்த வண்டியோட போட்டோவைத்தான் பாக்கறேன். நீங்க சொல்லுங்க.”

இரவில் ஒரு காரின் படத்தைப் பார்த்துவிட்டுத் தூங்குகிறவரின் கேள்வியை இரண்டு வரியில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. அதனால் இந்தப் பக்கம் முழுக்க அவருக்கே.

கூப்பே என்ற சொல் நம்மில் பலருக்கு அறிமுகமானது காரில் அல்ல, ரயிலில். முதல் வகுப்புப் பெட்டியில் நான்கு பேர் படுக்கும் அறைக்குக் கேபின் என்று பெயர். இரண்டே பேர் படுக்கும் அறை கூப்பே. கல்யாணமான புதிதில், “கூப்பே கிடைச்சிருக்கா பாரு” என்று சார்ட் ஒட்டும்வரை பிளாட்பாரத்தில் நின்ற தம்பதிகள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். பிரெஞ்சு மொழியில் அந்தச் சொல்லுக்கு ‘வெட்டப்பட்டது’ என்று பொருள். குதிரை வண்டிக் காலத்தில், எதிரும் புதிருமாக இரண்டு வரிசை இருக்கை கொண்ட பெரிய வண்டியில் முன்வரிசையை வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு பேருக்கு மட்டும் என்று செய்ததுதான் கூப்பே. பிறகு அந்தப் பெயர் ரயிலுக்கும் போனது, காருக்கும் வந்தது. அமெரிக்காவின் எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் அமைப்பு கூப்பேக்கு ஓர் அளவு வகுத்திருக்கிறது. கதவை எண்ணும் அளவு அல்ல அது. காரின் பின்பகுதியில் ஆள் உட்காரும் இடத்தை அளந்து, 33 கன அடிக்குக் குறைந்தால் கூப்பே என்கிறது. ஆக, அழகான அந்த வளைந்த கூரைக்காக வெட்டப்படுவது எப்போதும் யாரோ ஒருவர் உட்கார வேண்டிய இடம். தாம்பரத்து அப்பா இதையெல்லாம் படித்திருக்க மாட்டார். ஆனால் அவருடைய கேள்வி நேராக அந்த இடத்தில்தான் போய்த் தைக்கிறது.

இரண்டு கதவு வண்டியின் பின் சீட்டை எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். பெரியப்பாவிடம் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் இருந்தது. சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் தயாரித்த வண்டி. உருவம் வரைந்தவர் இத்தாலியின் மிக்கெலோட்டி. எஞ்சின் 948 சி.சி.தான். பானெட்டைத் திறந்தால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து மூக்குப் பகுதி முழுவதும் முன்பக்கமாகச் சாய்ந்துவிடும். பெரியப்பா முன் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, திண்ணையில் உட்கார்ந்தவர் மாதிரி, சாவகாசமாகப் பிளக்கைத் துடைப்பார்.

சனிக்கிழமை பெருமாள் கோயிலுக்குப் பாட்டியை அழைத்துப் போவது அந்த வண்டியில்தான். பாட்டி பின் சீட்டுக்குப் போக, முன் சீட்டை மடக்கி முன்னால் சாய்க்க வேண்டும். முதலில் வெற்றிலைப் பெட்டி உள்ளே போகும். பிறகு ஒன்பது கஜத்தின் கொசுவத்தை இடது கையில் சேர்த்துப் பிடித்து, வலது கையைக் கூரை விளிம்பில் வைத்து, பக்கவாட்டாக ஒரு கால். சற்று நிற்பார். பிறகு மறு கால். உட்கார்ந்த பின் “ஆச்சு” என்பார். அந்த “ஆச்சு” வரும்வரை பெரியப்பா கதவைப் பிடித்தபடி வெயிலில் நிற்பார். ஒரு நாளும் “சீக்கிரம்” என்று சொன்னதில்லை. இறங்கும்போது இதே சடங்கு தலைகீழாக நடக்கும். முதலில் கால் வெளியே வரும், கடைசியில் பாட்டி.

பெரியவன் ஆன பிறகுதான் ஒரு செய்தி தெரிந்துகொண்டேன். ஹெரால்ட் பிறந்த இங்கிலாந்தில் அதற்குக் கூப்பே வடிவம் உண்டு, கூரை திறக்கிற வடிவம் உண்டு, எஸ்டேட் உண்டு. நான்கு கதவு வடிவம் அங்கே வந்ததே இல்லை. அது வந்தது சென்னையில், 1968-ல், மார்க் 3 என்ற பெயரில். வேறு எந்த நாட்டுக்காரரும் கேட்காத இரண்டு கதவை நம் ஊர்த் தொழிற்சாலை வெட்டித் திறந்து வைத்தது. அந்த முடிவை எடுத்த கூட்டத்தில் யார் யார் இருந்தார்களோ, அவர்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு பாட்டி இருந்திருப்பார் என்றே நான் நம்புகிறேன்.

டிசையரும் வெட்டு வாங்கிய வண்டிதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2006 மத்திய பட்ஜெட்டில், நான்கு மீட்டருக்குள் நீளமும் சின்ன எஞ்சினும் உள்ள கார்களுக்குக் கலால் வரியைக் குறைத்தார்கள். 2008-ல் முதலில் வந்த டிசையர் நான்கு மீட்டரைத் தாண்டியது. 2012-ல் வந்தது 3,995 மில்லிமீட்டர். ஐந்து மில்லிமீட்டர் மிச்சம் வைத்து, வாலை நறுக்கிக்கொண்டார்கள். இன்றும் அந்தக் கோடு அப்படியே இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் நடப்பில் உள்ள ஜி.எஸ்.டி.யில் கோட்டுக்கு உள்ளே உள்ள சின்ன பெட்ரோல் காருக்கு 18 சதவீதம், வெளியே போனால் 40 சதவீதம். தாம்பரத்துத் தம்பி முன்னால் நிற்கும் இரண்டு வண்டியில், ஒன்றில் ஆள் உட்காரும் இடத்தை வெட்டியிருக்கிறார்கள், இன்னொன்றில் பெட்டி வைக்கும் இடத்தை. அப்படியும் இப்போதைய டிசையரின் டிக்கி 382 லிட்டர். ஒரு குடும்பம் திருச்செந்தூர் போய்வரும் சாமான் தாராளமாக அடங்கும்.

பதில் எழுதும் முன், அவர் போகிற வழியில் ஒரு திங்கட்கிழமை காலை நானே போய்ப் பார்த்தேன். எங்கள் அலுவலகத்தின் சின்ன கார், கியர் போட்டு ஓட்டுவது. 7.15-க்குத் தாம்பரம் மேற்கில் கிளம்பினேன். முடிச்சூர் சாலையில் பள்ளி வேன், தண்ணீர் லாரி, ஷேர் ஆட்டோ, நடுவில் நின்று யோசிக்கிற மாடு ஒன்று. முதல் கியர், இரண்டாவது கியர், மறுபடியும் முதல். இடது கால் கிளட்ச்சை மிதிக்கும் தடவைகளை எண்ணத் தொடங்கினேன். நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். வண்டலூர் – வாலாஜாபாத் சாலையைப் பிடித்த பிறகு இடம் கிடைக்கிறது. ஆனால் அங்கே கன்டெய்னர் லாரிகளும், இரண்டு அடுக்காகப் புதுக் கார்களை ஏற்றிச் செல்லும் நீள டிரெய்லர்களும் உங்களுக்குத் துணை. டிடி போன்ற ஒரு வண்டியில் சுமார் 200 குதிரைத்திறன் இருக்கும். புது டிசையரில் 82. அந்தக் காலையில் நான் போன வழியில் 82-ஐ முழுதாகப் பயன்படுத்தவே எனக்கு வாய்ப்பு வரவில்லை.

வேகத்தடைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த முறைப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். அகலமாக, மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் மேடு. தாழ்ந்த வண்டிகூட அலுங்காமல் கடந்துவிடும். நம் உள்சாலைகளில் இருப்பது அதுவா? மிச்சத் தாரையும் ஜல்லியையும் குவித்து, ஒரு முழ அகலத்தில், கூன் முதுகு போல் எழுப்பியது. உயரத்தைவிட இந்தக் குறுகல்தான் ஆபத்து. முன் சக்கரம் இறங்கிவிடும், பின் சக்கரம் இன்னும் ஏறியிருக்காது. அந்தக் கணத்தில் மேட்டின் உச்சி நேராக வண்டியின் வயிற்றுக்குக் கீழே. டிசையரில் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே 163 மில்லிமீட்டர் இருக்கிறது. வளைவுகளில் சாயாமல் ஓடுவதற்காகவே ஸ்போர்ட்ஸ் காரைத் தாழ்த்திச் செய்கிறார்கள். ரேஸ் டிராக்கில் அதன் பலம் எதுவோ, முடிச்சூரில் அதன் பலவீனம் அது.

டயரும் அப்படித்தான். 185/65 ஆர்15 என்று டயரில் எழுதியிருந்தால், 185-ல் 65 சதவீதம், அதாவது 120 மில்லிமீட்டர், ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே காற்றடைத்த ரப்பர் சுவர். 245/40 ஆர்18 என்றால் அந்தச் சுவர் 98 மில்லிமீட்டர். வித்தியாசம் ஒரு கட்டைவிரல் அகலம். அந்தக் கட்டைவிரல் அகலம்தான் பள்ளத்தில் இறங்கும்போது அடியை வாங்கிக்கொள்கிறது. நண்பர் ஒருவர், பார்க்க எடுப்பாக இருக்கும் என்று பெரிய ரிம்மும் மெல்லிய டயரும் மாட்டினார். முதல் மழையில் தண்ணீர் மூடிய ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினார். மறுநாள் டயரின் பக்கவாட்டில் கொழுக்கட்டை போல ஒரு புடைப்பு. உள்ளே நரம்பு அறுந்துவிட்டது. அந்த டயரைத் தூக்கிப் போடுவதைத் தவிர வேறு வழி இல்லை. டிசையரோ வேறு எதுவோ, வாங்கியபின் ரிம்மைப் பெரிதாக்காதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்.

செலவுக் கணக்கைச் சுருக்கமாகப் போட்டுவிடலாம். நாளுக்கு 50 கிலோமீட்டர், மாதத்துக்கு 25 நாள், மொத்தம் 1,250 கிலோமீட்டர். நெரிசலில் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 70 லிட்டர் போதும். 10 ஓடும் வண்டிக்கு 125 வேண்டும். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 5,500 வித்தியாசம், வருடத்துக்கு 66,000. மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் 2022 ஜூன் கட்டணப்படி 1,000 முதல் 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய். 1,500-ஐத் தாண்டினால் 7,897. பதினைந்து வருடம் முடியப்போகிற பழைய வண்டி என்றால் எஃப்.சி. காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். இறக்குமதி வண்டிக்கு ஒரு சின்னச் சென்சார் போனால்கூட, பாகம் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும். அத்தனை நாளும் மறுபடி கம்பெனி பஸ்தான்.

இதுவரை படித்தவர்கள், ஆசிரியர் அப்பா கட்சிக்குப் போய்விட்டார் என்று நினைத்திருப்பீர்கள். பாதிதான் சரி.

அப்பா பின் சீட்டை எண்ணினார். டிரைவர் சீட்டை யாரும் எண்ணவில்லை. அம்மா அந்த வண்டியில் ஏறப்போவது மாதத்துக்கு மூன்று நான்கு முறை. மகன் 25 நாள், காலையும் மாலையும், தன்னந்தனியாக அதற்குள் உட்கார்ந்திருக்கப்போகிறான். பஸ்ஸில் என்றால் தூங்கலாம், பாட்டுக் கேட்கலாம். இனி முடியாது. ஷிப்ட் முடிந்து, மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, மழையில் வண்டியை எடுக்கிற ஒரு மாலையில் ஸ்டீயரிங் கைக்கு இதமாக இருக்கிறதா, கியர் வெண்ணெயில் கத்தி போல விழுகிறதா, சீட் இடுப்பைத் தாங்குகிறதா என்பதெல்லாம் ஆடம்பரம் அல்ல. ஓட்டுகிறவரும் அந்த வண்டியின் பயணிதான். சொல்லப்போனால், அதிக தூரம் போகிற பயணி அவர்தான். மைலேஜ், ரீசேல், சர்வீஸ் என்று மூன்று கேள்வியோடு கார் வாங்கி, ஐந்து வருடம் அதை வெறுத்துக்கொண்டே ஓட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதைச் சிக்கனம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஆனால் ஓட்டும் சுகத்துக்குக் கூப்பேதான் வேண்டும் என்பதில்லை. நம் மண்ணிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. 1983 டிசம்பர் 14 அன்று முதல் சாவி கைமாறிய மாருதி 800-ஐவிட நடைமுறைக்கு ஏற்ற காரை யாராவது காட்ட முடியுமா? மூன்று சிலிண்டர், 796 சி.சி. அந்த எஞ்சினை எடுத்து, ஒற்றை இருக்கை ரேஸ் கார் ஒன்றுக்குள் வைத்தார் கோவையின் கரிவர்தன். ஃபார்முலா மாருதி என்று அதற்குப் பெயர். பால் வாங்கவும் பிள்ளையைப் பள்ளியில் விடவும் போன எஞ்சின், சோழவரத்தில் கத்திக்கொண்டு பறந்தது. பழைய போர்க்கால விமான ஓடுதளம்தான் அன்று நம் ரேஸ் மைதானம். பிறகு இருங்காட்டுக்கோட்டையில் முறையான டிராக் வந்தது. அங்கே ஃபார்முலா மாருதியில் தொடங்கிய கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன், 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். அந்த ரேஸ் கார் அத்தனை துடிப்பாக ஓடியதற்குக் காரணம் எஞ்சின் பலம் அல்ல. வண்டியின் எடை குறைவு. எடை குறைந்தால் பிரேக் சீக்கிரம் பிடிக்கும், திருப்பினால் உடனே திரும்பும், கொஞ்சம் பலமே நிறையப் போலத் தெரியும். நல்ல சின்ன காரை வளைந்த சாலையில், மூன்றாவது கியரில், முழு மனதோடு ஓட்டிப் பாருங்கள். அதில் கிடைக்கும் சந்தோஷத்துக்கு நான் உத்தரவாதம்.

இதே வாரம் இன்னொரு கடிதம், கோவை வடவள்ளியிலிருந்து. வங்கி வேலையில் ஓய்வு பெற்றவர், வயது 63. பெண் ஆஸ்திரேலியாவில். வீட்டில் அவரும் மனைவியும்தான். முதலில் மாருதி 800, பிறகு ஒரு செடான், பெற்றோரையும் மாமனார் மாமியாரையும் சேர்த்து அழைத்துப் போக ஓர் ஏழு சீட்டர். “ஊரு பூராத்தையும் ஏத்தி எறக்கியாச்சுங்க. இப்ப எங்க ரெண்டு பேருக்கு மட்டும் ஒரு ரெண்டு கதவு வண்டி. இந்த வயசுல வாங்குனா சிரிப்பாங்களா?” என்று கேட்கிறார்.

ஐயா, தாராளமாக வாங்குங்கள். உங்கள் பின் சீட்டில் உட்கார வேண்டியவர்கள் அத்தனை பேரையும் நீங்கள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டீர்கள். அந்த வெட்டினால் இனி யாருக்கும் இடம் போகாது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. அதிகாலையில் கிளம்பினால் சாலையில் நீங்களும் வரையாடும் மட்டும்தான். கூப்பே என்ற வண்டியைச் செய்ததே இந்த மாதிரிக் காலைக்காகத்தான்.

இரண்டே விஷயம் பாருங்கள். ஒன்று, முட்டி. தாழ்ந்த சீட்டில் உட்காருவது எல்லாருக்கும் எளிது, எழுவதுதான் சோதனை. ஷோரூமில் கதவைப் பிடிக்காமல், முட்டியில் கை ஊன்றாமல் மூன்று தடவை எழுந்து பாருங்கள். உங்கள் மனைவியையும் புடவையிலேயே எழுந்து பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று, பார்க்கிங். அடுக்ககத்தில் ஒரு காருக்குப் பொதுவாக விடும் அகலம் இரண்டரை மீட்டர். 1.84 மீட்டர் அகல வண்டியை நடுவில் நிறுத்தினால் பக்கத்துக்கு 33 சென்டிமீட்டர் மிஞ்சும். இரண்டு கதவு வண்டியின் கதவு நீளமானது. அதைத் திறக்க இடம் அதிகம் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் கார் ஒட்டி நிற்கிற நாளில் எப்படி இறங்குவீர்கள் என்பதை வாங்கும் முன்பே ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

நடுவழி ஒன்று இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். 2024-ல் டாடா கர்வ் வந்தது. அதே ஆண்டில் நம் திருவள்ளூர் ஆலையிலிருந்து சிட்ரோயன் பசால்ட். நவம்பரில் சென்னையில் வைத்து மஹிந்திரா தன் பி.இ. 6 மின்சாரக் காரை அறிமுகம் செய்தது. மூன்றுமே எஸ்.யு.வி. உயரம், நான்கு கதவு, பின்னால் சரியும் கூப்பே கூரை. அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவே சமாதானம் பேச வந்த வண்டிகள் இவை. கர்வின் டிக்கி 500 லிட்டர். பசால்ட்டின் பின் சீட்டில் தொடையைத் தாங்கும் பகுதியை உயர்த்தித் தாழ்த்தலாம். பின் சீட்டில் உட்காருகிறவரை நினைத்துச் செய்த ஒரு காரியம் என்பதால் அது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் கூரை சரிந்தால் பின் கண்ணாடி ஒடுங்கும், ரிவர்ஸ் எடுக்கும்போது கேமராவைத்தான் நம்ப வேண்டும். வண்டி உயரமாகவும் கனமாகவும் இருப்பதால் அசல் கூப்பேயின் ஒட்டி உட்கார்ந்து ஓடும் சுகமும் இதில் வராது. குடும்பத்துக்கு அழகான கார் என்று வாங்குங்கள், திருப்தியாக இருப்பீர்கள். கூப்பே என்று நினைத்து வாங்கினால் ஏதோ குறைகிற மாதிரியே இருக்கும்.

சரி, தாம்பரத்துத் தம்பிக்கு என்ன எழுதினேன்?

நான்கு கதவு வண்டியை எடுங்கள் என்றுதான் எழுதினேன். ஆனால் டிசையரை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள், அந்த விலையில் கிடைக்கும் நான்கைந்து வண்டியையும் நீங்களே ஓட்டிப் பாருங்கள். ஷோரூம்காரர் காட்டும் ஒரு ரவுண்டு போதாது; திங்கட்கிழமை காலை, உங்கள் வழியில் ஓட்டுங்கள். ஸ்டீயரிங் உங்களோடு பேசுகிற வண்டியை எடுங்கள், அது அப்பா சொன்ன வண்டியாகவே இருந்தாலும் சரி. இடது கால் வலித்தால் கிளட்ச் மிதிக்க வேண்டாத ஏ.எம்.டி. கியர் பாருங்கள், 2014-ல் செலேரியோவில் நம் நாட்டுக்கு முதலில் வந்தபோது இருந்த குலுக்கல் இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. பெட்ரோலில் மிஞ்சும் 66,000-ல் ஒரு பங்கை எடுத்துவைத்து, இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் நடக்கும் ரேஸ் பயிற்சி வகுப்பு ஒன்றில் சேருங்கள். ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர், ஒரகடத்திலிருந்து அதிகத் தூரமில்லை. எதிரில் லாரி வராத சாலை எப்படி இருக்கும் என்று அங்கேதான் தெரியும்.

டிடியை மறந்துவிடச் சொல்லி எழுதவில்லை. 1995-ல் ஃபிராங்க்பர்ட் கண்காட்சியில் மாதிரியாக வைத்து, 1998-ல் தெருவுக்கு வந்த உருவம் அது. பெட்ரோல் மூடியைக்கூட அலுமினியத்தில், சுற்றிலும் திருகு தெரிய, நகை போல் செய்திருப்பார்கள். அதைப் பார்த்து ஒருவர் மயங்கினால் அவருக்கு நல்ல கண் இருக்கிறது என்று பொருள். வடவள்ளி ஐயாவின் வயது உங்களுக்கும் வரும், அதுவரை அந்தப் போட்டோவை அழித்துவிடாதீர்கள் என்று எழுதினேன். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: முடிவு எடுக்கும் முன், அம்மாவை அழைத்துப்போய் அந்த டிடியை ஒரு தடவை காட்டுங்கள்.

அழைத்துப் போயிருக்கிறார். நேற்று போனில் சொன்னார். அம்மா பின் சீட்டைப் பார்க்கவே இல்லையாம். முன்னால் உட்கார்ந்து, டாஷ்போர்டில் இருந்த வட்ட வட்டமான ஏ.சி. துவாரங்களைத் தடவிப் பார்த்துவிட்டு, “நீ நாலாங்கிளாஸ்ல நோட்டுக் கடைசிப் பக்கத்துல வரைவியே, அதே வண்டிடா” என்றாராம். அப்பா பக்கத்தில் ஒன்றும் பேசாமல் நின்றிருக்கிறார்.

இன்னும் எதற்கும் முன்பணம் கட்டவில்லை. வரும் திங்கட்கிழமை காலை 7.15-க்கு, டெஸ்ட் டிரைவ் வண்டியோடு தாம்பரம் மேற்கில் நிற்பதாகச் சொல்லியிருக்கிறார். அம்மாவும் வருகிறாராம். நான் பின் சீட்டில் அவர் பக்கத்தில் உட்காரப்போகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்